மிங்கெய்யும் ஆலத்தியூர் உறையும்: யனாகி சோயெத்சுவின் கைவினைக் கோட்பாடு, ஒரு விமர்சனம்

மிங்கெய் என்பது ஜப்பானில் 1925-ஆம் ஆண்டின் இறுதியில் உருவாக்கப்பட்ட சொல். 'மக்கள் கைவினை' என்று பொருள்படும் நீண்ட தொடரைச் சுருக்கி, கலை விமர்சகரும் சமயத் தத்துவ அறிஞருமான யனாகி சோயெத்சு (1889–1961), மட்கலக் கலைஞர்கள் ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகிய மூவரும் இச்சொல்லை அமைத்தனர். எளிய மக்கள் எளிய மக்களுக்காகச் செய்து, அன்றாடம் புழங்கிய பொருள்களை இது குறிக்கும். சோற்றுக் கிண்ணம், தேநீர்க் கெண்டி, தண்ணீர்ச் சாடி, வைக்கோல் மழையாடை, மூங்கில் கூடை, வேலைக்காரர்களின் தையல் துணி ஆகியவை இதில் அடங்கும். 1936-இல் டோக்கியோவின் கொமாபா பகுதியில் இவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்றும் அது இயங்குகிறது.

யனாகியின் கட்டுரைகளைப் பிரிட்டிஷ் மட்கலக் கலைஞர் பெர்னார்ட் லீச் ஆங்கிலத்தில் தொகுத்து 1972-இல் வெளியிட்டார். 'அறியப்படாத கைவினைஞர்' என்பது அந்நூல் தலைப்பின் பொருள். உலகெங்கும் கைவினை பற்றிப் பேசுவோர் அந்தத் தலைப்பைப் பல பத்தாண்டுகளாகச் சுமந்து வருகிறார்கள். இக்கட்டுரை யனாகியின் கோட்பாட்டைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பொருள்களோடு வைத்துப் பார்க்கிறது. பயன்பாட்டைப் பற்றி யனாகி சொன்னது நமக்கு இன்றும் தேவை. பெயரின்மையைப் பற்றி அவர் சொன்னதைத் தமிழ்நாட்டில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பயனில் பிறக்கும் அழகு

யனாகிக்கு முன்பு ஜப்பானில் கலை என்றால் ஓவியம், சிற்பம், தேநீர்ச் சடங்குக்கான அரிய கலன்கள் ஆகியவையே. ஊர்ச் சந்தையில் விற்கும் மலிவான சாடியைத் திரும்பிப் பார்த்தவர் குறைவு. யனாகி அந்த வரிசையைத் தலைகீழாக்கினார். ஒரு பொருள் பயனுக்காகச் செய்யப்பட வேண்டும், எண்ணிக்கையில் மிகுதியாகச் செய்யப்பட வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், அந்தந்த வட்டாரத்து மண்ணும் மரமும் நாரும் கொண்டு கையால் செய்யப்பட வேண்டும், செய்தவர் தன் பெயரைப் பொறிக்கக் கூடாது. இவை கூடிவரும் இடத்தில் அழகு தானே வந்து சேரும் என்பது அவர் வாதம்.

இதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று மஷிகோ என்னும் ஊரின் தேநீர்க் கெண்டி. அவ்வூரில் மினகாவா மசு என்ற பெண் கெண்டிகளின் மேல் மலையும் நீரும் வரைந்து வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரே காட்சியை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கெண்டிகளில் வரைவார். திரும்பத் திரும்ப வரைந்ததில் 'நான் வரைகிறேன்' என்ற எண்ணமே கரைந்துவிட்டது, கோடு விடுதலை பெற்றது என்று யனாகி விளக்கினார். ஜப்பானியத் தூயநில பௌத்தத்தில் புத்தரின் பெயரை இடைவிடாது சொல்லுதல் வீடுபேற்றுக்கு வழி. கைவேலையின் மறுசெய்கையை யனாகி அதற்கு ஒப்பாக வைத்தார்.

இந்த விளக்கம் அழகானது, ஓரளவு உண்மையும் கூட. நம் ஊர்க் குயவர் பானை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடிப்பாகம் இருக்காது. உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடி உருட்டிக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு தட்டினால் போதும் என்பதை எவரும் அளந்து சொல்வதில்லை, ஓசையும் கையின் எடையும் சொல்லிவிடும். பானையின் அடி உருண்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மூன்று கல் அடுப்பில் தீ சீராகப் பரவும், மூலை இல்லாததால் சோறு அடிபிடிப்பது குறையும், தலையில் சும்மாட்டின் மேல் பொருந்தி உட்காரும். அழகுக்காக யாரும் அப்படி வனையவில்லை.

முறம் யனாகியின் கோட்பாட்டையும் சற்றுத் தாண்டிச் செல்லும். மூன்று பக்கம் விளிம்பு எழும்பி ஒரு பக்கம் திறந்திருப்பது உமியும் தூசியும் முன்னே பறக்க, மணி பின்னே தங்குவதற்காக. ஆனால் வாங்கி வந்த முறம் முடிந்த பொருள் ஆவதில்லை. வீட்டில் அதற்குச் சாணம் மெழுகுவார்கள், அல்லது வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். அப்போதுதான் மூங்கில் இடுக்குகள் அடைபட்டுச் சிறுதானியம் ஒழுகாமல் நிற்கும். பின்னியவர் பாதி, புழங்குபவர் பாதி. யனாகி செய்பவரைப் பற்றி நிறையச் சொன்னார், பொருளைக் கண்டு ரசிப்பவரைப் பற்றி அதைவிட நிறையச் சொன்னார். புழங்குபவரின் கையைப் பற்றி அவர் சொன்னது குறைவு. அந்தக் கை பெரும்பாலும் பெண்ணுடையது.

கிசாஎமோன் கிண்ணம்

யனாகியின் புகழ்பெற்ற கட்டுரைகளில் ஒன்று கிசாஎமோன் என்னும் கிண்ணத்தைப் பற்றியது. கொரியாவில் எளிய புழக்கத்துக்காகச் செய்யப்பட்ட கிண்ணம் அது. கடல் கடந்து ஜப்பானுக்கு வந்து தேநீர் ஆசான்களின் கண்ணில் பட்டது. அதை வைத்திருந்த ஒசாகா வணிகர் ஒருவரின் பெயரே அதற்கு நிலைத்தது. கியோத்தோவின் தைதொகுஜி வளாகத்திலுள்ள ஒரு துணைக்கோயிலில் பாதுகாக்கப்படும் அது இன்று ஜப்பானின் தேசியக் கருவூலப் பொருள். 1931-இல் யனாகி அதைப் பார்த்தபோது, பெட்டிக்குள் பெட்டியாக, பட்டுத் துணிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்கள். இவ்வளவு சாதாரணமாக இருக்கிறதே என்று வியந்து, அந்தச் சாதாரணத்தன்மையே அதன் மேன்மை என்று எழுதினார்.

கட்டுரை படிக்கச் சுவையானது. ஆனால் அதில் ஒரு கேள்வி எழாமலே போகிறது. பயனில்தான் அழகு என்றால், பெட்டிக்குள் முடங்கிய கிண்ணத்தின் அழகு எது? கொரியக் குயவர் அதை அழகென்று எண்ணிச் செய்யவில்லை, ஜப்பானியக் கண்தான் அதில் அழகைக் கண்டுபிடித்தது என்று யனாகி பெருமையோடு சொல்கிறார். அப்போது கொரியா ஜப்பானின் குடியேற்ற நாடு (1910–1945). ஆள்பவரின் கண் ஆளப்படுபவரின் கையைப் பாராட்டுகிறது, அந்தக் கைக்குத் தன் வேலையின் மதிப்புத் தெரியாது என்றும் தீர்ப்புச் சொல்கிறது.

யனாகி கொரியர்களின் பகைவர் அல்லர். சியோலில் குவாங்வாமுன் வாயிலை இடிக்கக் குடியேற்ற அரசு முனைந்தபோது 1922-இல் அதை எதிர்த்து எழுதினார். 1924-இல் சியோல் அரண்மனை வளாகத்தில் கொரியக் கலைக்கென ஓர் அருங்காட்சியகம் அமைய முன்னின்றார். அந்தக் காலத்தில் அது துணிவான செயல். எனினும் கொரியக் கலையின் சாரம் துயரத்தின் அழகு என்று அவர் வகுத்ததைப் பிற்காலக் கொரிய அறிஞர்கள் கடுமையாக மறுத்தனர். துயரம் கொரியரின் இயல்பென்று சொல்லிவிட்டால், அதைத் தந்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

யனாகியைக் கொரியப் பொருள்கள் பக்கம் திருப்பியவர்கள் அசகாவா சகோதரர்கள். அவர்களில் இளையவர் தகுமி (1891–1931) மிங்கெய் வரலாற்றில் ஓர் ஓரத்தில்தான் நிற்கிறார். அவரே நமக்கு அதிகம் பயன்படக்கூடியவர். வனத்துறையில் மரக்கன்று வளர்க்கும் வேலைக்காகக் கொரியா சென்றார். கொரிய மொழி கற்றார், கொரிய உடை உடுத்தினார், சந்தைகளில் திரிந்தார். 1929-இல் கொரியச் சாப்பாட்டு மேசைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த 1931-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த மற்றொரு நூல் கொரிய மட்கலங்களின் பெயர்களைத் தொகுத்தது. எந்தக் கலத்துக்கு அந்த ஊர் மக்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அவர் குறித்து வைத்தார். அழகைப் பற்றிய தத்துவம் அதில் குறைவு, கேட்டு எழுதிய செய்தி அதிகம். கொரிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறை இன்றும் சியோலில் பேணப்படுகிறது.

அரும்பாவூரும் ஆலத்தியூரும்

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்திலுள்ள அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பேர்பெற்ற ஊர். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில், பெரும்பாலும் ஒரே மரத்துண்டில், கடவுள் உருவங்களைச் செதுக்குகிறார்கள். கோயில் தேருக்கும் வாகனங்களுக்கும் வேலை செய்த மரபு அது. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கான முயற்சியில் பூம்புகார் என்று அறியப்படும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்துக்குப் பங்குண்டு. அதே சமயத்தில் தஞ்சாவூர் நெட்டி வேலையும் குறியீடு பெற்றது.

இது மகிழ்ச்சிக்குரியதே. யாரோ எங்கோ இயந்திரத்தில் கடைந்ததை அரும்பாவூர் என்று சொல்லி விற்பதைத் தடுக்கச் சட்டத் துணை கிடைத்திருக்கிறது. ஆனால் யனாகியின் அளவுகோலை இங்கே வைத்தால் ஒன்று தெரியும். நம்மிடம் அங்கீகாரம் பெறும் கைவினை பெரும்பாலும் கோயில் சார்ந்தது, அல்லது வரவேற்பறை சார்ந்தது. சிலை, விளக்கு, ஓவியம், பட்டு. பத்தமடைப் பாய் போன்ற விலக்குகள் சில உண்டு. அதிலும் புகழ் பெற்றது பட்டுப்போல் மெல்லிய பாய்தான், அன்றாடம் விரித்துப் படுக்கும் முரட்டுக் கோரைப்பாய்க்கு அந்தப் புகழ் இல்லை. பெரம்பலூர் விவசாயிகள் சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாக வைத்துக் காக்கப் போடும் பட்டறையைக் கைவினை என்று யாரும் சொல்வதில்லை. உயரமாக அடித்தளம் எழுப்பி, பக்கங்களில் காற்றுப் புக வழிவிட்டு, மேலே கூரை வேய்ந்து கட்டும் அந்த அமைப்பில் இருக்கும் அறிவு சிற்பத்திலுள்ள அறிவுக்குக் குறைந்ததா? யனாகி இருந்திருந்தால் சிலையை விட்டுவிட்டுப் பட்டறைப் பக்கம்தான் போயிருப்பார் என்று நம்பலாம்.

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்திலுள்ள ஆலத்தியூர் அவரைச் சங்கடப்படுத்தியிருக்கும். இவ்வூரின் பெயர் இன்று வெளியே தெரிவது ராம்கோ சிமென்ட் ஆலையால். இந்த வட்டாரத்தின் அடியில் கிடப்பது தொல்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல். அதை வெட்டி, அரைத்து, சுட்டு மூட்டைகளில் அனுப்புகிறார்கள். மண் குதிர் போய், மண் தொட்டி போய், மண் அடுப்பு போய், எல்லா இடத்திலும் சிமென்ட் வந்துவிட்டது என்று வருந்துவது எளிது. மிங்கெய் பற்றிய பல கட்டுரைகள் இந்த வருத்தத்தில்தான் முடிகின்றன.

ஆனால் 'உறை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் வளையம் அது. சுடுமண் உறைகளால் அமைந்த கிணறுகள் கீழடியிலும் வேறு பல தொல்லியல் இடங்களிலும் கிடைத்துள்ளன. இன்று தமிழ்நாட்டின் சாலையோரங்களில் சிறு பட்டறைகள் கிணற்றுக்கும் கழிவுத்தொட்டிக்கும் உறை வார்க்கின்றன. இரும்பு அச்சுக்குள் கம்பியும் கலவையும் இட்டு, கையால் குத்தி இறுக்கி, தண்ணீர் விட்டு ஆற்றி எடுக்கிறார்கள். அருகிலேயே மாட்டுத்தொட்டியும் வார்த்துக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பயன், மிகுதி, மலிவு, கைவேலை, பெயரின்மை என்று யனாகி கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. ஆலத்தியூர் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளூர்ப் பொருள் என்ற நிபந்தனையும் நிறைவேறுகிறது, கல் காலடியில்தானே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்து மனம் இளகுபவர்கள். இயந்திரத்தை யனாகி முற்றாக மறுத்தவர் அல்லர், கைக்கு உதவியாக இருக்கும்வரை ஏற்றார். அப்படியிருந்தும் மிங்கெய்யின் பொருள்பட்டியல் ஏறக்குறைய பழமையின் பட்டியலாகவே நின்றுவிட்டது. அது கோட்பாட்டின் குறை. சுடுமண் உறையை அருங்காட்சியகத்தில் வணங்கிவிட்டு, அதே வடிவத்தை இன்று வார்க்கும் தொழிலாளியைக் கடந்து போவதற்கு அது இடம் கொடுக்கிறது.

பொருள் வேறு வகையிலும் சாகும். 1956-இல் மெட்ரிக் அளவைகள் சட்டமானபின் படியும் மரக்காலும் கணக்கிலிருந்து மெல்ல விலகின. அவற்றைக் கொன்றது இயந்திரமோ ரசனைக் குறைவோ அல்ல, ஒரு சட்டம். நல்ல காரணத்துக்காக வந்த சட்டம்தான். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இன்று மரக்கால் அலங்காரப் பொருள்.

யாருடைய பெயர் இல்லை

பெயரின்மை யனாகி கோட்பாட்டின் நடுநாயகம். தன் பெயரை முன்னிறுத்தாதவரின் பொருளில் அகந்தை இருக்காது, ஆகவே அது தூய்மையாக இருக்கும் என்றார். ஜப்பானிலேயே இது நிலைக்கவில்லை. இயக்கத்தின் முன்னோடிகள் பெரும்பெயர் பெற்றார்கள். ஹமாதா ஷோஜிக்கு 1955-இல் 'வாழும் தேசியக் கருவூலம்' என்று அறியப்படும் அரசு மதிப்புக் கிடைத்தது. கவாய் அத்தகைய மதிப்புகளை மறுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். யனாகி 1931-இல் சென்று பாராட்டிய ஓந்தா என்னும் குயவர் ஊரில், மிங்கெய் மோகத்தால் வாங்குவோர் பெருகியபின் ஊர்க்கட்டும் உறவுகளும் எப்படி மாறின என்பதை மானிடவியலாளர் பிரையன் மோரன் 1984-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

நமக்குச் சிக்கல் இதைவிட ஆழமானது. இந்தியாவில் கைவினைஞரின் பெயர் மறைவது துறவு மனத்தால் அல்ல. வெண்ணிக் குயத்தியார் என்ற சங்கப் புலவரை எடுத்துக்கொள்ளலாம். கரிகாலன் வென்ற வெண்ணிப் போரைப் பற்றி அவர் பாடியது புறநானூற்றின் 66-ஆவது பாடல். வென்றவனைவிடத் தோற்றவனை உயர்த்திச் சொல்லும் துணிவுள்ள பாடல் அது. அவர் ஊர் தெரியும், தொழில் தெரியும், பெண் என்பது தெரியும். பெயர் தெரியாது. கீழடிப் பானை ஓடுகளில் குவிரன், ஆதன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கிடைத்துள்ளன. பெரும்பாலும் சுட்டபின் கீறப்பட்டவை என்பதால் அவை பானையை வைத்திருந்தவர்களின் பெயர்கள் என்றே கருதப்படுகின்றன. பானையில் பெயர் இருந்தது, வனைந்தவர் பெயராக அது இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் கல்வெட்டில் பெயரோடு நிற்கிறார். அதுவும் அரசன் பெயரைச் சுமந்த பட்டம். அரசனுக்கு அருகில் இருந்த கைக்குப் பெயர் கிடைத்தது. சோற்றுப்பானை செய்த கைக்குச் சாதிப்பெயர் கிடைத்தது.

யனாகியைப் போலவே சிந்தித்தவர் நம்மவர் ஒருவர் உண்டு. கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947), 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றியும் 1909-இல் இந்தியக் கைவினைஞர் பற்றியும் நூல்கள் எழுதினார். யனாகியின் இயக்கத்துக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முந்தியவை அவை. கைவினைஞன் தன்னை வெளிப்படுத்துவதில்லை, மரபு அவன் வழியே வெளிப்படுகிறது என்பது அவர் நிலைப்பாடு. குலவழித் தொழிலைக் கைத்திறனின் காவலாக அவர் கண்டார். அவர் அறிவின் பரப்பு வியப்புக்குரியது, அந்த இடத்தில் மட்டும் கண் மங்கிவிடுகிறது. மகன் தந்தையிடம் தொழில் கற்பது இனிய காட்சிதான். அந்த மகனுக்கு வேறு தொழிலுக்குப் போகும் வழி இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. சாதியைத் தொழிற்பகுப்பு என்று நியாயப்படுத்தும் வாதத்தை அம்பேத்கர் உடைத்துக் காட்டியது 1936-இல். கொமாபா அருங்காட்சியகம் திறந்த அதே ஆண்டு.

தமிழ்நாட்டில் இது நூலகத்துக்குள் நடந்த விவாதம் மட்டுமல்ல. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்ற அதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர். 1954-இல் ராஜாஜி விலகினார், அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். கைவினையின் மேன்மையைப் பேசி அத்திட்டத்தை ஆதரிக்க யனாகியிடமும் குமாரசுவாமியிடமும் வேண்டிய அளவு வாதங்கள் கிடைக்கும். குயவர் மகன் பள்ளியில் முழுநாள் உட்கார வேண்டும் என்று கேட்டவர்கள் பக்கம் அந்த அழகியலில் ஒரு சொல்லும் கிடைக்காது. 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில், விண்ணப்பிப்பவர் குடும்ப வழியில் அத்தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. சாதி, குடும்பத்தொழில் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியே கொண்டுவந்தது. எழுபது ஆண்டுகள் கழித்தும் அதே கேள்விதான்.

இதற்குப் பதிலாகப் பெயரின்மையை வேறு விதமாகவும் பார்க்கலாம். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958-இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் செம்பைப் பற்றி எழுதினார்கள். செம்பை யாரோ ஒருவர் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து வடித்தன என்பது அவர்கள் கருத்து. தூக்கும்போது எடை எங்கே நிற்கிறது, இடுப்பில் எப்படி அமர்கிறது, ஊற்றும்போது எப்படிச் சாய்கிறது, கழுவ எளிதா, என்ன விலை என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். பெயரின்மையைத் தூய்மையாக்காமல், பலர் சேர்ந்து தீர்த்த கணக்காகப் பார்த்ததால் அவர்களால் கேள்வி கேட்க முடிந்தது. செம்பின் வடிவத்துக்கு இது சரி. செம்பை அடித்த கன்னாரின் கூலிக்கு இதுவும் போதாது.

மண்ணும் பெயரும்

இன்று பானை செய்பவரின் முதல் கவலை அழகு அல்ல, மண். ஏரி, குளங்களில் களிமண் எடுக்க அரசு அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு அலைந்தே பலர் சலித்தார்கள். 2024-இல் விவசாயத்துக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்றுக் கட்டணமின்றி மண் எடுக்கலாம் என்று தமிழ்நாடு அரசு எளிமைப்படுத்தியது. மழைக்காலத்தில் பானை காயாது, சூளை வைக்க முடியாது என்பதால் அந்த மாதங்களுக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. யனாகியின் கட்டுரைகளில் இப்படிப்பட்ட விவரங்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மண்ணைக் கடவுளின் கொடையாக அவர் கண்டார், பட்டா நிலமாகவும் புறம்போக்காகவும் காணவில்லை.

அசகாவா தகுமி செய்த வேலை நமக்குப் பெரும்பாலும் மிச்சமிருக்கிறது. அகல், கலயம், குடம், சட்டி, சால், தாழி, தோண்டி, மிடா, முட்டி, மொந்தை என்று தமிழில் மட்கலங்களுக்குப் பெயர்கள் நிறைய. அகராதியில் பலவற்றுக்கு 'ஒருவகைப் பாத்திரம்' என்ற அளவில்தான் பொருள் கிடைக்கிறது. எந்த ஊரில் எது எவ்வளவு கொள்ளும், வாய் எவ்வளவு அகலம், எதை ஊற்றி வைப்பார்கள், ஓட்டை விழுந்தால் என்ன செய்வார்கள், என்ன விலைக்கு விற்றது, அல்லது களத்தில் எத்தனை படி நெல்லுக்கு மாறியது என்பவை வயதானவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. ஆலத்தியூரிலோ அரும்பாவூரிலோ படிக்கும் ஒரு மாணவர் ஒரு குறிப்பேட்டோடு நாலு வீடு ஏறினால் எழுதிவிடக்கூடியவை. அந்தக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு கட்டம் வேண்டும்: செய்தவர் பெயர், அவர் சம்மதித்தால்.